நீர்மேல் நடப்பது எப்படி? பூச்சி முதல் புனிதர் வரை

ஒரு மனிதர் நீரின் மேற்பரப்பில் மூழ்காமல் நிற்க வேண்டுமானால், அவருடைய பாதங்களின் சுற்றளவு சுமார் 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பள்ளிக் கணக்கில் வருகிற விடைதான் இது. இந்த ஒரு கணக்கு புரிந்துவிட்டால், நீர்மேல் நடக்கும் பூச்சியும் பல்லியும் ஏன் நம்மைப் போல் இல்லை என்பதும், சமயக் கதைகள் ஏன் இதையே அற்புதமாகத் தேர்ந்தெடுத்தன என்பதும் தாமாகவே விளங்கிவிடும். எனவே கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. உள்ளே இருக்கும் மூலக்கூறை எல்லாத் திசைகளிலிருந்தும் மற்றவை ஈர்க்கும். மேற்பரப்பில் இருப்பதற்கோ மேலே ஈர்க்க யாருமில்லை. பக்கத்திலும் கீழேயும் மட்டுமே இழுபடுகிறது. இதனால் நீர் தன் மேற்பரப்பை எவ்வளவு சுருக்க முடியுமோ அவ்வளவு சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது. இழுத்துக் கட்டிய துணியைப் போல அந்தப் பரப்பு விறைப்பாக இருக்கிறது. எடை குறைந்த பொருள் அதன்மேல் அமர்ந்தால் சற்றே குழிந்து, திரும்பவும் மேலே தள்ளுகிறது. இதைத்தான் பரப்பு இழுவிசை என்கிறோம்.

எவ்வளவு எடையை அது தாங்கும்? பொருளின் விளிம்பு நீரை எவ்வளவு நீளத்துக்குத் தொடுகிறதோ, அதைப் பொறுத்தது. 20 டிகிரி செல்சியஸில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.073 நியூட்டன். அதாவது ஒரு மீட்டர் நீளமுள்ள விளிம்பு அதிகபட்சமாக 7.4 கிராம் எடையைத் தாங்கும். 60 கிலோ எடையுள்ள மனிதருக்கு 60,000 கிராமை 7.4 ஆல் வகுத்தால் 8,100 மீட்டர் வருகிறது. நம் இரண்டு பாதங்களின் சுற்றளவைச் சேர்த்தாலும் ஒன்றரை மீட்டர்கூட வராது.

இப்போது பூச்சியின் பக்கம் வருவோம். குளத்திலும் கிணற்றிலும் நீர்ப்பரப்பின்மேல் விலுக்கென்று சறுக்கிச் செல்லும் நீண்ட காலுள்ள பூச்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் எடை 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அதைத் தாங்க ஒன்றரை மில்லிமீட்டர் விளிம்பு போதும். அதன் கால்களோ சென்டிமீட்டர் கணக்கில் நீர்மேல் படிந்து கிடக்கின்றன. தேவையைவிடப் பல மடங்கு தாங்குதிறன் அதன் கையில் இருக்கிறது. சீனாவில் கவோ, சியாங் என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல் அளந்து பார்த்தபோது, ஒரே ஒரு கால் பூச்சியின் மொத்த எடையைப்போல் 15 மடங்கைத் தாங்கிய பிறகுதான் நீரைத் துளைத்தது. மெழுகு பூசிய நுண்ணிய மயிர்கள் அந்தக் காலில் ஆயிரக்கணக்கில் அடர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு மயிரிலும் அதைவிட நுண்ணிய வரிப்பள்ளங்கள் உண்டு. அந்த இடுக்குகளில் காற்று சிக்கிக்கொள்வதால் கால் நனைவதே இல்லை.

நிற்பது புரிகிறது. நகர்வது எப்படி? இந்தக் கேள்விக்குப் பின்னே ஓர் அழகான புதிர் இருந்தது. பூச்சி தன் நடுக்கால்களால் துடுப்புப் போடுகிறது. அப்போது பின்பக்கம் எழும் சிற்றலைகளே அதை முன்னே தள்ளுகின்றன என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். ஆனால் நீரில் அலை எழ வேண்டுமானால் கால் நொடிக்கு 23 சென்டிமீட்டரைவிட வேகமாக அசைய வேண்டும். அன்று பிறந்த குஞ்சுப் பூச்சியின் கால்களுக்கு அந்த வேகம் கிடையாது. கணக்குப்படி அது இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். உண்மையில் அது தாயைப் போலவே ஓடுகிறது. மார்க் டென்னி என்ற உயிரியலாளர் சுட்டிக்காட்டிய இந்த முரணை 2003இல் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் டேவிட் ஹூ, பிரையன் சான், ஜான் புஷ் ஆகிய மூவர் அவிழ்த்தார்கள். நீரில் சாயம் கலந்து அதிவேகக் கேமராவில் படம் பிடித்தபோது, ஒவ்வொரு துடுப்புக்கும் பரப்பின் கீழே சிறு சுழல்கள் உருண்டு பின்னோக்கிப் போவது தெரிந்தது. பூச்சி முன்னே போவதற்கான உந்துதலின் பெரும்பங்கு அந்தச் சுழல்களில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த அலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் காரணம் பிடிபடாமல் இருந்தது.

இந்தப் பூச்சிகளின் உறவினர்களில் ஐந்து இனங்கள் நடுக்கடலில் வாழ்கின்றன. அறிவியல் பெயரிட்ட பூச்சியினங்கள் பத்து லட்சம் அளவில் இருக்கின்றன. அவற்றில் திறந்த பெருங்கடலைத் தங்கள் வீடாக்கிக்கொண்டவை இவை மட்டுமே. கரையையே காணாமல், மிதக்கும் இறகிலும் சிப்பியிலும் முட்டையிட்டு, வாழ்நாள் முழுவதும் கடலின் மேல்தோலில் கழிக்கின்றன. நீர்மேல் நடக்கும் உயிர்களில் என் மனத்தை அதிகம் கவர்ந்தவை இவைதான்.

இவற்றுக்கு எமன் சோப்பு. துணி துவைக்கும் தூள் கலந்த நீரில் பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கால் மயிர்களுக்கிடையே இருந்த காற்றும் வெளியேறிவிடும். பூச்சி நனைந்து மூழ்கும். ஊர்க்குளத்தில் சாக்கடையும் சோப்பு நீரும் கலக்கும்போது நாம் மீன்களைப் பற்றிக் கவலைப்படுகிறோம். நீரின் தோலையே நம்பி வாழும் உயிர்களையும் சேர்த்துத்தான் கவலைப்பட வேண்டும்.

பூச்சியால் முடிவது பெரிய உயிருக்கு ஏன் முடியவில்லை என்பதற்கு விடை, உருவம் வளரும் விதத்தில் இருக்கிறது. ஒரு பூச்சியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பத்து மடங்கு பெரிதாக்கினால் அதன் எடை ஆயிரம் மடங்காகும். நீரைத் தொடும் விளிம்போ பத்து மடங்குதான் கூடும். எடையின் பாய்ச்சலை விளிம்பால் எட்டிப்பிடிக்க முடியாது. ஓர் எல்லைக்கு மேல் பரப்பு இழுவிசை கைவிட்டுவிடும். அதன் பிறகு வேறு வழி தேட வேண்டும்.

மத்திய அமெரிக்கக் காடுகளில் உள்ள பசிலிஸ்க் ஓணான் அந்த வேறு வழியைக் கண்டுபிடித்த விலங்கு. துரத்தப்பட்டால் அது பின்னங்கால்கள் இரண்டில் எழுந்து ஆற்றின்மேல் ஓடிவிடும். அங்குள்ளவர்கள் அதை இயேசு கிறிஸ்து ஓணான் என்றே அழைக்கிறார்கள். ஹார்வர்டில் கிளாஷீன், மக்மஹோன் ஆகியோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு அதன் ஓட்டத்தைப் பிரித்துக் காட்டியது. முதலில் பாதம் நீரை ஓங்கி அறைகிறது. அந்த அறையிலேயே எடையின் ஒரு பகுதி தாங்கப்படுகிறது. பிறகு பாதம் நீரைக் கீழ்நோக்கி மிதிக்கிறது. அப்போது காலைச் சுற்றிக் காற்று நிரம்பிய ஒரு குழி உண்டாகிறது. அந்தக் குழி நீரால் மூடிக்கொள்வதற்கு முன்பே காலை வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் நீர் காலைப் பிடித்துக்கொள்ளும், ஓணான் மூழ்கிவிடும். இங்கும் உருவமே தீர்ப்பு எழுதுகிறது. 2 கிராம் எடையுள்ள குட்டி தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான விசையை உண்டாக்கும். வளர்ந்த பெரிய ஓணானுக்குத் தன் எடையைத் தாங்கவே அது சரியாகப் போய்விடுகிறது.

இதே முறையில் மனிதன் ஓடினால்? அந்த ஆய்வே கணக்கிட்டுச் சொன்னது: 80 கிலோ எடையுள்ளவர் நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். மனிதத் தசைகளால் தொடர்ந்து தர முடிந்த ஆற்றலைப்போல் 15 மடங்கு அதற்குத் தேவைப்படும். உசேன் போல்ட் 2009இல் பெர்லினில் உலகச் சாதனை படைத்தபோது தொட்ட உச்ச வேகமே மணிக்கு 45 கிலோமீட்டரை எட்டவில்லை.

ஆனால் கணக்கில் மாற்றக்கூடிய ஓர் எண் இருக்கிறது, அதுதான் ஈர்ப்பு விசை. இத்தாலியில் மினெட்டி என்ற ஆய்வாளரும் குழுவினரும் தன்னார்வலர்களைக் கயிற்றில் தொங்கவிட்டு, எடையின் பெரும்பகுதியைக் கயிறே தாங்கும்படி செய்து, காலில் சிறிய துடுப்புகள் மாட்டி, நீர்த்தொட்டியில் ஓடச் சொன்னார்கள். பூமியின் ஈர்ப்பில் 22 சதவீதம் அளவுக்குக் குறைத்தபோது மூழ்காமல் ஓடுவது சாத்தியமாயிற்று. நிலவின் ஈர்ப்பு அதைவிடக் குறைவு. ஆகவே நிலவில் ஒரு மூடிய அரங்கு கட்டி அதில் குளம் அமைத்தால் மனிதர் நீர்மேல் ஓடலாம். 2012இல் வெளியான இந்த ஆய்வுக்கு அடுத்த ஆண்டு இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கு அளிக்கப்படும் பரிசு அது.

பூச்சிக்கும் பசிலிஸ்குக்கும் நடுவே நமக்குப் பழக்கமான ஒன்று இருக்கிறது. தெற்காசிய, தென்கிழக்காசிய வீடுகளின் சுவர்களில் வாழும் தட்டைவால் பல்லி நீர்மேல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. பரப்பு இழுவிசை மட்டும் தாங்குவதற்கு அது கனமானது. அறைந்து மட்டும் ஓடுவதற்கு அது சிறியது. எனவே இரண்டையும் கலந்துகொள்கிறது. நாலு காலாலும் நீரை அறைகிறது, நீர் ஒட்டாத தோலால் வழுக்குகிறது, உடலையும் வாலையும் நெளித்து உந்துகிறது. நீரில் சோப்பைக் கலந்ததும் அதன் வேகம் வெகுவாகக் குறைந்தது.

பறவைகளில் வட அமெரிக்காவின் மேற்கத்திய முக்குளிப்பான் இந்த வித்தையின் பெரிய கலைஞர். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள இந்தப் பறவை, இணைதேடும் காலத்தில் ஜோடியாகத் தோளோடு தோள் நிமிர்ந்து ஏரியின்மேல் ஓடும். நொடிக்கு 20 அடிகள் வரை வைக்கும். நம் ஏரிகளில் தாமரை இலைகளின்மேல் நடக்கும் இலைக்கோழியை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அது நீர்மேல் நடப்பதில்லை. நீண்ட விரல்களை விரித்து எடையைப் பரப்பிக்கொண்டு இலைமேல்தான் நடக்கிறது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு சமயக் கதைகளுக்குப் போனால் ஒன்று பளிச்சென்று கண்ணில் படும். அங்கே யாரும் ஓடுவதில்லை. எல்லோரும் நிதானமாக நடக்கிறார்கள். இயற்கை அனுமதிக்கும் வழிகள் எல்லாம் முடிந்த இடத்தில்தான் அந்தக் கதைகள் தொடங்குகின்றன.

மிகவும் புகழ்பெற்றது இயேசு கலிலேயக் கடலில் நடந்த நிகழ்ச்சி. பெயர் கடல் என்றாலும் அது ஒரு நன்னீர் ஏரி. மத்தேயு, மாற்கு, யோவான் ஆகிய மூன்று நற்செய்திகள் இதைச் சொல்கின்றன. லூக்காவில் இல்லை. எதிர்க்காற்றில் சீடர்களின் படகு தத்தளிக்கிறது. இரவின் நாலாம் ஜாமத்தில் இயேசு நீர்மேல் நடந்து வருகிறார். ஆவி என்று நினைத்துச் சீடர்கள் அலறுகிறார்கள். மத்தேயுவில் மட்டும் இன்னொரு காட்சி உண்டு. பேதுரு தானும் படகிலிருந்து இறங்கி நடக்கிறார். காற்றைக் கண்டு பயந்ததும் அமிழத் தொடங்குகிறார். இயேசு கையைப் பிடித்துத் தூக்கி, “அற்ப விசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய்” என்கிறார். பழைய ஏற்பாட்டைக் கேட்டு வளர்ந்த அன்றைய யூதர்களுக்கு இந்தக் காட்சியின் பொருள் உடனே புரிந்திருக்கும். யோபு புத்தகம் கடவுளைப் பற்றி, “அவர் ஒருவரே வானங்களை விரித்து, சமுத்திர அலைகளின்மேல் நடக்கிறவர்” என்கிறது. கதை சொல்ல வருவது நடக்கும் திறமையைப் பற்றி அல்ல, நடந்து வருபவர் யார் என்பதைப் பற்றி. சிரியாவில் துரா யூரோப்போஸ் என்ற இடத்தில் தோண்டி எடுத்த மூன்றாம் நூற்றாண்டு ஜெபக்கூடத்தின் சுவரிலேயே இந்தக் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. கிறிஸ்தவ ஓவியங்களில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று.

2006இல் டோரோன் நோஃப் என்ற கடலியலாளரும் உடன் பணியாற்றியவர்களும், அந்தக் காலத்துக் குளிரில் ஏரியின் ஒரு பகுதியில் பனிக்கட்டித் திட்டு உருவாகியிருக்கக்கூடும், அதன்மேல் நின்றவரைத் தொலைவிலிருந்து பார்த்தவர்கள் நீர்மேல் நிற்பதாக எண்ணியிருக்கலாம் என்று எழுதினார்கள். பனிக்கட்டி உருவாகும் கணக்கு தன்னளவில் சுவையானது. ஆனால் யோவானின் விவரிப்பில் படகு கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வந்துவிட்டது, கடல் கொந்தளிக்கிறது. இத்தகைய விளக்கங்கள் நம்புகிறவருக்கும் உதவுவதில்லை, நம்பாதவருக்கும் உதவுவதில்லை என்றே நான் கருதுகிறேன். கதையை விட்டுவிட்டு ஏரியை மட்டும் ஆராய்கின்றன.

பேதுருவின் கதைக்கு வியப்பூட்டும் ஓர் இணை பௌத்தத்தில் உண்டு. ஜாதகக் கதைகளில் 190ஆவது கதையின் முன்னுரையில், ஒரு இல்லறச் சீடர் ஜேதவனத்தில் இருக்கும் புத்தரைக் காண மாலையில் அசிரவதி ஆற்றங்கரைக்கு வருகிறார். படகோட்டி படகைக் கரையேற்றிவிட்டு அறவுரை கேட்கப் போய்விட்டான். சீடர் புத்தரையே நினைத்தபடி ஆற்றில் காலை வைக்கிறார். கால் நனையவில்லை. நடு ஆற்றில் அலைகள் கண்ணில் படுகின்றன. நினைவு தளர்கிறது, கால்கள் அமிழ்கின்றன. மறுபடி மனத்தை ஒருமுகப்படுத்தியதும் எழுந்து நடந்து மறுகரை சேர்கிறார்.

நம் பக்கத்திலும் இது பழக்கமான நினைப்புதான். பதஞ்சலியின் யோக சூத்திரம், உடலில் மேல்நோக்கி இயங்கும் உயிர்க்காற்றான உதான வாயுவை வென்றவரை நீரும் சேறும் முள்ளும் தீண்டா என்கிறது. ஆதிசங்கரர் அழைத்ததும் அவருடைய சீடர் பத்மபாதர் கங்கைமேல் நடந்து வந்தார், அடிக்கு அடி ஒரு தாமரை மலர்ந்து தாங்கியது என்பது சங்கர வரலாறுகளில் வரும் காட்சி. காஞ்சிபுரத்திலிருந்து சீனா போனவர் என்று தமிழகத்தில் நம்பப்படும் போதிதர்மர், யாங்சி ஆற்றை ஒரு நாணல் தண்டின்மேல் நின்று கடந்ததாகச் சீன ஓவியர்கள் தலைமுறை தலைமுறையாக வரைந்திருக்கிறார்கள். திருநாவுக்கரசரைக் கல்லில் கட்டிக் கடலில் எறிந்தபோது கல்லே தெப்பமாயிற்று. “கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும் நற்றுணை யாவது நமச்சி வாயவே” என்ற வரி பிறந்த இடம் அது.

இந்த அற்புதத்தைச் சொல்லும் மரபுகளுக்குள்ளேயே அதற்குப் பெரிய மதிப்பில்லை என்ற குரலும் அழுத்தமாக ஒலிக்கிறது. நீர்மேல் நடப்பதைத் தியானத்தால் கிடைக்கும் ஆற்றல்களில் ஒன்றாகப் பாலி நூல்கள் எண்ணுகின்றன. அதே நூல்களில், கேவட்டர் என்பவர் இத்தகைய அற்புதங்களை மக்களுக்குக் காட்டச் சொல்லும்போது, அதில் தீங்கையே காண்கிறேன் என்று புத்தர் மறுத்துவிடுகிறார். பஸ்ராவின் சூஃபி ஞானி ஹசன் தன் தொழுகை விரிப்பை நீரின்மேல் விரித்துத் தொழ அழைத்தாராம். அதே ஊரின் பெண் ஞானி ரபியா தன் விரிப்பைக் காற்றில் பறக்கவிட்டு அதில் அமர்ந்து, நீ செய்ததை மீனும் செய்யும், நான் செய்ததை ஈயும் செய்யும், உண்மையான வேலை இந்த இரண்டுக்கும் அப்பால் இருக்கிறது என்றாராம். நீர்மேல் நடக்கும் சித்தியை வருடக்கணக்கில் தவமிருந்து பெற்று வந்தவனிடம், படகுக்காரனுக்குச் சில்லறை கொடுத்தே நான் ஆற்றைக் கடக்கிறேனே என்று தம்பி சொன்ன கதையை ராமகிருஷ்ணர் சொல்வதுண்டு.

இதையே தமிழில் தாயுமானவர் அளவுக்குச் சுருக்கென்று சொன்னவர் வேறு யாரும் இல்லை. மதயானையை அடக்கலாம், கரடி புலியின் வாயைக் கட்டலாம் என்று சித்திகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகிற அந்த 18ஆம் நூற்றாண்டுப் பாடல் அந்த வரிசையை இப்படி முடிக்கிறது: “சலமேல் நடக்கலாம் கனல்மேல் இருக்கலாம் தன்னிகரில் சித்திபெறலாம், சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறமரிது.”

சித்தியைக் காட்சிப்பொருள் ஆக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1966இல் பம்பாய் சாட்சியானது. நீர்மேல் நடக்கப் போவதாக ஒரு யோகி அறிவித்தார். டிக்கெட் விற்றார்கள், நகரத்துப் பெரிய மனிதர்கள் கூடினார்கள். தொட்டியில் காலை வைத்தவர் நேராக உள்ளே போய்விட்டார். மேடை வித்தைக்காரர்கள் இந்த அபாயத்தில் இறங்குவதில்லை. பொதுவாக நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒளிபுகும் அக்ரிலிக் பலகை போட்டுவிடுவார்கள். திரையில் இதைவிட எளிது. 1979இல் வந்த ‘பீயிங் தேர்’ என்ற அமெரிக்கப் படத்தின் கடைசிக் காட்சியில் கள்ளமில்லாத ஒரு தோட்டக்காரர் குளத்தின்மேல் நடந்து போகிறார். நடுவில் நின்று குடையை நீருக்குள் செருகி ஆழம் பார்க்கிறார். அது என்ன சொல்கிறது என்று இன்றுவரை விவாதிக்கிறார்கள்.

அற்புதமும் வேண்டாம், ஏமாற்றும் வேண்டாம் என்றால் மிதவை இருக்கிறது. இது ஆர்க்கிமிடீஸின் பாதை: 60 கிலோ மனிதர் மிதக்க 60 லிட்டர் நீரை விலக்க வேண்டும். நடக்கும்போது ஒரு காலைத் தூக்கினால் முழு எடையும் மறுகாலில் விழும் என்பதால், ஒவ்வொரு மிதவையும் தனித்தனியே அந்த அளவு இருக்க வேண்டும். காலில் மிதவையும் கையில் கோலுமாக நீர்மேல் நிற்கும் மனிதரை லியனார்டோ டா வின்சி வரைந்து வைத்திருக்கிறார். 1676இல் ஜப்பானில் தொகுக்கப்பட்ட நிஞ்சா நூலில் வட்ட மரப்பலகைக் காலணி ஒன்று இருக்கிறது. காலில் மாட்டிக்கொண்டு நிற்க அதன் கொள்ளளவு போதாது. செய்து காட்டியவர் பிரான்சின் ரெமி பிரிக்கா. 4.2 மீட்டர் நீளமுள்ள மிதவைகளைக் காலில் மாட்டிக்கொண்டு 1988 ஏப்ரல் 2ஆம் தேதி கேனரித் தீவுகளில் புறப்பட்டவர், 5,636 கிலோமீட்டர் கடந்து மே 31ஆம் தேதி டிரினிடாட் சேர்ந்தார்.

2016 கோடையில் இத்தாலியின் இசேயோ ஏரியில் கலைஞர் கிறிஸ்டோ இதைப் பொதுமக்களுக்கே திறந்துவிட்டார். 2,20,000 மிதவைக் கட்டிகளை இணைத்து மஞ்சள் துணி போர்த்திய 3 கிலோமீட்டர் பாதை அது. அலை அசைந்தால் பாதையும் காலடியில் அசையும். பதினாறு நாட்களில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் டிக்கெட் இல்லாமல் நடந்து பார்த்தார்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. கடைகளில் கார்ன்ஃப்ளார் என்று விற்கும் வெள்ளை மக்காச்சோள மாவை இரண்டு பங்கும் தண்ணீரை ஒரு பங்கும் எடுத்துக் கலக்குங்கள். மஞ்சள் நிறச் சோள மாவு இதற்கு ஆகாது. இந்தக் கரைசலில் விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும், ஓங்கிக் குத்தினால் கல்லாக நிற்கும். அடி விழுந்த இடத்தில் மாவுத்துகள்கள் நெருங்கிச் சிக்கிக்கொண்டு, கெட்டியான பகுதி கீழ்நோக்கி வேகமாக வளர்கிறது என்று 2012இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வைட்டுகைட்டிஸ், யேகர் இருவரும் விளக்கினார்கள். ஒரு தொட்டி நிறையக் கலந்தால் மனிதர் அதன்மேல் ஓடலாம், நின்றால் மூழ்குவார். மூழ்கிய காலை வெடுக்கென்று இழுத்தால் அப்போதும் கரைசல் கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும். மெதுவாகத்தான் எடுக்க வேண்டும். விளையாடி முடித்ததும் அதைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். குழாயின் அடியில் படிந்து அடைத்துக்கொள்ளும். வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.